சாஹித்யாவின் நக்கோ

சாஹித்யாவுக்குப் பந்தைப் பிடிக்கத் தெரியும், வாயைப் பிடிக்கத் தெரியாது. கோல்கீப்பருக்கு அப்படி ஒரு வாய் இருக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியப் போகிறது. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியின் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர் தேவை, ஆள் பார்க்கக் கோச்சே செகந்திராபாத்துக்கு வருகிறார் என்று செய்தி வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இடம் கிடைத்தால் கல்லூரியிலும் விளையாடலாம். கிடைக்காவிட்டால் அமீர்பேட்டில் அப்பா பார்த்துவைத்திருக்கும் கம்ப்யூட்டர் கோர்ஸ். அந்தக் கட்டடத்தில் மைதானம் என்று சொல்லிக்கொள்ள லிஃப்ட் ஒன்றுதான் உண்டு. அதிலும் எப்போதும் கூட்டம்.

அப்பா துரைராஜ் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். எங்களுடையது அசல் தமிழ் என்று மார்தட்டுவார். அந்த அசல் தமிழில் ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. சாம்பார் போதும் என்றாலும் நக்கோதான், சாமியார் நீட்டுகிற விபூதி தேவையில்லை என்றாலும் நக்கோதான். வீட்டில் யாரும் அதை வேற்றுமொழி என்று நினைத்ததே கிடையாது.

கோச்சின் பெயர் அப்துல் காதர் என்று தெரிந்ததும் துரைராஜ் துள்ளிக் குதித்தார். அந்தப் பெயர் உள்ளவர் உருது பேசாமல் வேறென்ன பேசுவார்? ஹைதராபாத்காரருக்கு அதில் சந்தேகமே வராது. தமிழில் தடுமாறுகிற மகளுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் ஏது? உருதுக்காரர்கள் வணக்கம் சொல்வதுபோலக் குனிந்து 'ஆதாப்' சொல்ல வேண்டும் என்று அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பயிற்சி கொடுத்தார்.

அப்துல் காதரோ காயல்பட்டினத்துக்காரர். தமிழைத் தவிர அவர் வாயில் நுழைந்தது கொஞ்சம் இங்கிலீஷும் விசிலும்தான். சாஹித்யா குனிந்து ஆதாப் சொன்னபோது, பிள்ளை பூட்ஸ் கயிறு கட்டுகிறாள் என்று நினைத்து, நிமிரும்வரை காத்திருந்தார். பிறகு 'வணக்கம்மா' என்றார். நமக்காகத் தமிழில் சொல்கிறார், எவ்வளவு பெரிய மனுஷர் என்று துரைராஜுக்குப் புல்லரித்தது.

தேர்வுக்காக வைத்த ஆட்டம் தொடங்கும் நேரத்தில் சாஹித்யாவின் அணியில் ஓர் ஆள் குறைந்தது. கோச்சே பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் டிஃபென்டராக நின்றார். கீப்பரைப் பக்கத்திலிருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்றார்.

முதல் பாதியில் எதிரணியில் பூர்ணா என்ற பெண் உயரமாக அடித்த பந்து கோலை நோக்கி வந்தது. அதைத் தட்டிவிடக் கோச் காலைத் தூக்கினார். தானே பிடித்துவிடலாம் என்று ஓடிவந்த சாஹித்யா, தொடாதீர்கள் என்ற அர்த்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாள்.

"நக்கோ! நக்கோ சார்!"

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. அப்துல் காதர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். திரும்பிய உடம்பு அவள் வழியை மறைத்தது. பந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது. பூர்ணா சாவகாசமாக வந்து அதை வலைக்குள் தள்ளிவிட்டுப் போனாள். கோச் பந்தைப் பார்க்கவே இல்லை.

"யாரைப் பாத்து நக்குன்னு சொல்லுத?"

சாஹித்யாவுக்குத் தெரிந்த தமிழெல்லாம் கால்வழியே இறங்கி மண்ணுக்குள் போய்விட்டது. கோட்டுக்கு வெளியே நின்றிருந்த துரைராஜ் மகளைக் காப்பாற்ற ஓடிவந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். அவ எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவா. வீட்ல டெய்லி என்னையே சொல்றா. நானும் அவ அம்மாவைச் சொல்லுவேன்."

கோச் அந்தக் குடும்பத்தையே ஒரு பார்வை பார்த்தார். நக்கோ என்றால் வேண்டாம், அது இந்த ஊர் உருது என்று துரைராஜ் விளக்கி முடிப்பதற்குள் இடைவேளை வந்துவிட்டது. அப்போதும் கோச்சின் முகம் இளகவில்லை. வேண்டாம் என்று நல்ல சொல் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லட்டும் என்றார். இன்னொரு முறை அந்த வார்த்தை காதில் விழுந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுவதாகவும் சொன்னார்.

வேண்டாம் என்ற சொல் சாஹித்யாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது யோசித்தால்தான் வரும், பந்து யோசிக்க விடாது. இரண்டாம் பாதியில் அதேபோல் ஒரு பந்து வந்தது. 'ந' வரை வந்ததை விழுங்கினாள். 'வே' வருவதற்குள் கோச் தலையால் முட்டிவிட்டார். பந்து தங்கள் கோலுக்குள்ளேயே போய் விழுந்தது. கோலைப் போட்டவர் அவர், ஆனால் முறைத்தது இவளை. அவளுக்கு அழுகை முட்டியது. அமீர்பேட் லிஃப்ட் கண்முன்னே திறந்து மூடியது.

ஆட்டம் முடியும் தறுவாயில் பூர்ணா மறுபடி உயரமாக அடித்தாள். கோச் மறுபடி தலையைத் தயார் செய்தார். வாயைத் திறந்தால் கல்லூரி போச்சு, திறக்காவிட்டால் கோல் போச்சு. கல்லூரி எக்கேடும் கெடட்டும், இன்னொரு கோல் வாங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நக்கோ!"

ரோட்டில் போன ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அப்துல் காதர் தன்னை அறியாமல் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு மேலே பாய்ந்த சாஹித்யா பந்தை மார்போடு அணைத்தபடி பொத்தென்று விழுந்தாள்.

விசில் ஊதியதும் பந்தை அவர் காலடியில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். துரைராஜ் பக்கத்தில் வரப் பயந்து தள்ளியே நின்றார். கோச் சுருட்டிய பேண்டை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"மொத கோல் என்னால போச்சு. ரெண்டாவது, நீ வாயை மூடினதால போச்சு. வாயை மூடுத கீப்பர் எனக்கு வேணாம். அந்த வார்த்தையை எங்க பிள்ளையளுக்கு நான் சொல்லிக்குடுத்துக்கிடுதேன். காலேஜ் தொறந்ததும் வாரியா?"

சந்தோஷத்தில் சாஹித்யா நிமிர்ந்தாள். இந்த முறை தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று உறுதியாக நினைத்தாள். தனக்குத் தெரிந்த அசல் தமிழிலேயே சொன்னாள்.

"ஹவ் சார்."

இதை ஏன் இங்கிலீஷில் கேட்கிறாள் என்று அப்துல் காதருக்கு விளங்கவில்லை. ஆனாலும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"எப்படின்னா கேக்க? ரயில்லதாம்மா."