சேமிக்காத மாற்றம்

சேமித்துவிட்டால் பழையது அழிந்துவிடும். அப்புறம் கரண்டை நிறுத்திப் போட்டாலும் மலைமேல் இருக்கும் அந்தப் பெட்டி புதியதை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கும். ரலிட்ஸா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

ஸ்மோலியன் என்ற மலையூரில் அவள் வேலை பார்க்கும் சின்ன இன்டர்நெட் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பனி கொட்டும் மாதங்களில் கணவாய்க்கு மேலே யாரும் ஏறிப் போக முடியாது. அதனால் அங்கிருந்து மேல் ஊருக்கும் பனிச்சறுக்கு ஹோட்டலுக்கும் இணைப்பு தரும் ரூட்டர் பெட்டியில் கை வைக்கும் முன், சற்று நேரத்தில் அது தானே அணைந்து எழும்படி கெடு வைத்துவிடுவார்கள். மாற்றம் சரியாக வந்தால் கெடுவை ரத்து செய்து சேமிப்பார்கள். தப்பாகிவிட்டால் எதையும் தொடாமல் இருந்தாலே போதும். கெடு முடிந்ததும் பெட்டி, முன்பு சேமித்த அமைப்போடு எழுந்துகொள்ளும்.

இன்றும் கெடு வைத்துவிட்டு முதலாளி போஷிதார், அந்த ஹோட்டலுக்கு வேகம் கூட்டப் போய் ரூட்டர் அமைப்பில் அழிக்கக் கூடாத ஒரு வரியை அழித்துவிட்டார். ஹோட்டலில் வேகம் பறந்தது. ரூட்டரோடு அவருக்கிருந்த இணைப்போ அறுந்துபோனது; புதிதாக யாரும் உள்ளே நுழைய முடியவில்லை. வேறு வழியாக முன்பே உள்ளே போயிருந்த ரலிட்ஸாவின் திரை மட்டும் உயிரோடு இருந்தது.

"கெடுவ ரத்து பண்ணிட்டு சேவ் பண்ணும்மா."

"மேல ஊர் கிளினிக்குக்கு அடிச்சுப் பாத்தேன் அண்ணே. லைனே போகல. செல்போன் டவரும் படுத்துடுச்சு."

"அந்த டாக்டரம்மா என்னிக்கு ஃபோன எடுத்திருக்கா? ஆடு மேய்க்கப் போயிருப்பா."

"இந்தப் பனியிலயா? அந்த ஒரு வரிய திருப்பிப் போட்டுடவா?"

"போட்டா ஹோட்டல் வேகம் திரும்பப் படுத்துடும். அங்க கல்யாணம் நடக்குது, ஜெர்மனியில இருக்கிற சொந்தமெல்லாம் வீடியோல பாக்குது. நடுவுல அறுந்தா ஹோட்டல்காரன் என்னைத் தோலுரிச்சுடுவான். நாளைக்கு சாவகாசமா சரி பண்ணலாம். நீ என்ன, மலைக்குக் காவல் தெய்வமா?"

ரலிட்ஸா மறுபடி கிளினிக் எண்ணை அழுத்தினாள். காதுக்குள் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததன் மறுமுனையில் யாரோ இதேபோல் ஒரு எண்ணை அழுத்திக்கொண்டே இருப்பதாகத் தோன்றியது. யாராவது எடுப்பார்கள் என்று நம்பிக்கொண்டு. ரிசீவரை வைத்தாள்.

இவரே குனிந்து சேவ் கட்டளையை அடித்துவிட்டால் தேவலை என்று ஒரு நினைப்பு ஓடியது. பழி தன்மேல் வராது. அப்படி நினைத்ததை உணர்ந்ததும் முதலாளியிடம் இருந்த பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடமும் இப்படித்தான் இருந்திருக்கிறேனா?

"கெடு முடியப் போகுது ரலிட்ஸா. இந்த ஹோட்டல் கைவிட்டுப் போச்சுன்னா உனக்கும் இங்க வேலை இல்ல. சொல்லிட்டேன்."

"தெரியுது அண்ணே."

"அப்ப அடி."

அவள் அடிக்கவில்லை. அவர் பொறுமையிழந்து நாற்காலியை அவள் மேசைப் பக்கம் இழுத்தார்.

"மாட்டேன் அண்ணே," என்றாள், தன் காதுக்கே சரியாகக் கேட்காத குரலில். அவர் கீபோர்டை எட்டுவதற்குள் இணைப்பிலிருந்து வெளியேறித் திரையை மூடினாள். இனி கெடு முடிந்ததும் பெட்டி பழைய அமைப்போடு தானே எழும்.