வெளிச்சம் விலகிய பதினோரு இடங்கள்

பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஏதோ பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை. மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஏறும். நடுவில் பூஞ்சை வந்து படம் உருள ஆரம்பித்தால் நிறுத்தி, டெக்கின் மூடியைத் திறந்து, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மறுபடி ஓடவிட வேண்டும். அதற்கு ஒரு ஆள் எதிரிலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டேனியல் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் அந்தக் குத்துக்கல் அவன் மனைவி சுகிர்தா.

போன திங்கட்கிழமை பெருநகரிலிருந்து ஒரு கேசட் வந்தது. தொண்ணூற்றொன்பதில் பாஞ்சாலி என்ற பெண்ணுக்கு நடந்த கல்யாணம். பாட்டுப் போட்டு, பூ பறக்கவிட்டு, மிக்ஸிங் பண்ணிக் கொடுத்த கேசட் மழையில் ஊறிப் போய்விட்டதாம். அதனால் வீடியோ எடுத்த வேதகிரியைத் தேடிப் பிடித்து, அவர் பரணில் கிடந்த மிக்ஸிங் பண்ணாத கேசட்டை வாங்கி அனுப்பியிருந்தார்கள். அந்த வேதகிரியிடம்தான் டேனியல் அப்போது லைட் பிடித்துக்கொண்டிருந்தான். அவர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போவார். இவன் வயர் இழுபட இழுபட லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவான். அவனுக்கு இருபது வயது. தலை நிறைய முடி இருந்ததாகக் கேள்வி.

மாலை மாற்றுகிற இடம் வரைக்கும் கேசட் ஒழுங்காகத்தான் ஓடியது. பாஞ்சாலி கழுத்தை நீட்டுகிற நேரம் பார்த்து, வெளிச்சம் மெதுவாகப் பக்கத்தில் நகர்ந்தது. கல்யாணப் பெண்ணின் முகம் இருட்டாகிவிட்டது. தூணோரம் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு பச்சைத் தாவணியில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். வெளிச்சம் அவள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

"டேய் டேனியலு, லைட்ட பொண்ணு மேல அடிடா" என்று வேதகிரியின் குரல் கேட்டது. வெளிச்சம் துள்ளிக்கொண்டு பாஞ்சாலியிடம் திரும்பியது.

சுகிர்தா சிரித்துவிட்டாள். மனுஷன் தூங்கி வழிந்திருப்பான் என்று நினைத்தாள். பந்தியில் மறுபடி விலகியது. அங்கே பச்சைத் தாவணி அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்தாள். நலங்கில் விலகியது. நாலாவது தடவை சுகிர்தாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பழைய கவரின் பின்புறம் கோடு போட ஆரம்பித்தாள். கேசட் முடிந்தபோது பதினோரு கோடு இருந்தது. வேதகிரி பதினோரு தடவையும் திட்டியிருந்தார், கடைசித் தடவை கெட்ட வார்த்தையில்.

அவளுக்கு வயிறு எரிந்தது. இருபத்தோரு வருஷமாக டேனியல் ஒரே ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறான். "உன்னப் பொண்ணு பாக்க வந்தப்பதான் சுகி, மொதமொதலா ஒரு பொண்ண நேருக்கு நேரா பார்த்தேன்." அதை நம்பித்தான் அவள் கை வளையலைக் கழற்றி அவனுக்கு முதல் கேமரா வாங்கக் கொடுத்தாள். இப்போது பார்த்தால், மனுஷன் நேருக்கு நேராக மட்டுமா பார்த்திருக்கிறான், ஆயிரம் வாட்ஸ் லைட்டை அடித்தல்லவா பார்த்திருக்கிறான்.

மத்தியானம் சோறு போடும்போது கேட்டாள். "யாரு அந்தப் பச்சைத் தாவணி?"

"எந்தப் பச்சை?"

"பெருநகர் கேசட்ல."

"எத்தினி கல்யாணம், எத்தினி தாவணி. எனக்கின்னா தெரியும்." அலட்சியமாகத்தான் சொன்னான். ஆனால் ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றின் மேல் மறுபடி சாம்பாரை ஊற்றிக்கொண்டான். சுகிர்தா அதைப் பார்த்துக்கொண்டே மோரையும் எடுத்து அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

ஏற்றிய படத்தை வெட்டி ஒழுங்கு பண்ணுவதும் அவள் வேலைதான். லைட் விலகிய இடமெல்லாம் வேஸ்ட், வெட்டத்தான் வேண்டும், தொழில் அப்படி. பதினோரு துண்டையும் நறுக்கி எடுத்தாள். அழித்துத் தொலைத்திருக்கலாம். செய்யவில்லை. 'வேஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்துக்கொண்டாள். கடையில் ஆள் இல்லாத நேரம் அதைத் திறந்து பார்ப்பாள். பார்க்கப் பார்க்க எரியும், எரிய எரியப் பார்ப்பாள். அந்தப் பெண்ணின் மோவாயில் ஒரு குழி இருந்தது. கஸ்டமர் தலை சீவும் கண்ணாடி முன்னால் நின்று சுகிர்தா தன் மோவாயைத் தடவிப் பார்த்தாள். அவளுடைய பதினேழு வயதை எந்த லைட்டும் பார்த்ததில்லை. ரேஷன் கார்டு போட்டோ கூட அப்போது எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் பெருநகர்க் கல்யாணத்தை ஏற்றி வைத்த பென் டிரைவை வாங்க ஒரு அம்மாள் வந்தாள். பருத்த உடம்பு, கண்ணாடி, கையில் வேர்க்கடலைப் பை. மோவாயில் குழி.

"நான் ஆதிலட்சுமி. பாஞ்சாலி தங்கச்சி. தென்னேரியில கட்டிக் குடுத்துகீது என்னை. கொஞ்சம் போட்டுக் காட்டுமா, பாத்துட்டே வாங்கிக்கிறேன்."

டேனியல் உள் ரூமில் யாருக்கோ பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டிருந்தான். சுகிர்தா படத்தைப் போட்டு, வேகமாக ஓட்டிக் காட்டினாள். ஆதிலட்சுமி கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள். கடைசி வரை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாரும் கீறாங்க. நான் எங்கமா?"

சுகிர்தா மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா பக்கத்துலயேதான் நின்னுகினு இருந்தேன். என் பொண்ணுக்குக் காட்டலாம்னு வந்தேன். அந்த வயசுல எனக்குன்னு ஒரு போட்டோ கூட கெடையாது."

இதைக் கேட்டதும் சுகிர்தாவுக்கு வெட்கமாகிவிட்டது. போட்டோ இல்லாத வயது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? "லைட்டு சரியில்லாத பீஸுங்க கொஞ்சம் தனியா கீதுமா" என்று முனகிக்கொண்டே அந்த ஃபோல்டரைத் திறந்தாள்.

பதினோரு துண்டும் ஓடியது. ஆதிலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதற்குள் உள் வேலை முடிந்து டேனியல் போட்டோ கட்டரோடு உள் ரூம் வாசற்படிக்கு வந்தான். திரையைப் பார்த்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

"யாருமா அந்த டேனியலு?" என்றாள் ஆதிலட்சுமி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கண்ணு தெரியாதவனா? என் மூஞ்சிலயே அடிச்சிகினு கீறான். அன்னிக்கு ஃபுல்லா ஒரே பேஜாரு. கண்ணு கூசி, எங்கப்பா கிட்ட சொல்லி அவனை ரெண்டு அறை உடச் சொன்னேன். உட்டாரோ இன்னாவோ."

டேனியலின் முகம் தொங்கிப்போனது. உட்டிருக்கிறார் என்று சுகிர்தாவுக்குப் புரிந்தது.

நியாயமாக அவளுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு வாரமாக எரிந்த வயிறு அது. ஆனால் வந்தது கோபம். பதினோரு தடவை திட்டு வாங்கி, மேற்கொண்டு அடியும் வாங்கியிருக்கிறான் என் புருஷன், இவளுக்கு அவன் யாரென்றுகூடத் தெரியாதா? லைட்டுக்குப் பின்னால் நிற்கிறவன் முகம் யாருக்கும் தெரியாதுதான், கண் கூசும். அதற்காகக் கண் தெரியாதவன் என்றா சொல்வது?

"கண்ணெல்லாம் நல்லாத் தெரியும்" என்றாள் சுகிர்தா. "தெரிஞ்சுதான் அடிச்சாரு. அதோ நிக்கிறாரே என் வூட்டுக்காரரு, அவருதான் டேனியலு."

ஆதிலட்சுமி திரும்பினாள். பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போட்ட பெரிய லைட் இன்னும் அணைக்கப்படாமல் டேனியல் மேல் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். வழுக்கையிலிருந்து செருப்பு வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு கை தானாகப் போய்க் காதோர முடியை ஒதுக்கியது.

"இவரா?" என்றாள். குரல் சின்னதாகியிருந்தது.

டேனியல் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான்.

இருபத்தாறு வருஷமாக அவனைப் பார்க்காதவள் இப்போது பார்க்கிறாள். பார்க்க வைத்தது யார்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சுகிர்தா விறுவிறுவென்று எழுந்து உள் ரூமுக்குப் போய் சுவிட்சைத் தட்டினாள்.

"பகல்ல எதுக்கு இம்மாம் பெரிய லைட்டு?" என்றாள். "கரண்டு பில்லு ஏறுது."