தட்டைத் தாண்டிய வட்டம்

பரிசோதனைக்காரியின் கண்ணாடித் தட்டில் கிருமிகள் செத்து உண்டான தெளிந்த வட்டம், செவ்வாய்க்கிழமை காலை தட்டின் விளிம்பைத் தாண்டி மேசைக்கு வந்தது. அவள் தன் வீட்டு முன்னறையில் ரத்தமும் சிறுநீரும் சோதித்துக் கொடுப்பவள். சர்க்கரை வியாதிக்காரரான அவள் கணவரின் கால் புண் ஆறாமல் அழுகிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பாதத்தை எடுத்துவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். அந்த நேரம் பார்த்து நாத்தனார் ஒரு பாத்திரம் மூலிகைக் கஷாயத்தோடு வந்து இறங்கினாள். அவள் வாயை அடைப்பதற்காகத்தான் பரிசோதனைக்காரி புண்ணின் சீழிலிருந்த கிருமிகளைத் தட்டில் வளர்த்து, கஷாயத்தில் நனைத்த காகித வில்லையை அதன் நடுவில் வைத்திருந்தாள்.

மறுநாள் வட்டம் சமையலறையைப் பிடித்தது. நறுக்கி வைத்த ஆப்பிள் கறுக்கவில்லை, திறந்து கிடந்த பால் திரியவில்லை. ஜன்னல் கம்பியின் துரு தானாக உதிர்ந்தது. கொல்லைச் சுவரில் பாசி கோடு கிழித்தாற்போல் பாதியில் நின்றது. கிருமிகளைப் பார்த்தே கண் பூத்துப் போனவள், அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அழுகை வந்தது. நாத்தனார், "நான் அப்பவே சொன்னேன்ல," என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். மாலையில் வட்டம் கணவரின் கட்டிலைத் தொட்டது. புண்ணின் நாற்றம் போனது.

வியாழக்கிழமை பக்கத்து ரொட்டிக்கடைக்காரர் மாவுச் சட்டியோடு வந்தார். மாவு அசையாமல் கிடந்தது. அதைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டும் செத்திருந்தது. வட்டத்துக்கு நல்லது கெட்டது தெரியவில்லை.

"அந்தத் தட்டக் கழுவிப் போடுங்கம்மா. என் பொழப்புல மண்ணு விழுது."

"கழுவுனா இவரு காலு போயிரும்ணே. புண்ணு மூடுனதும் கழுவிடறேன்."

அதையும் பார்த்துவிடுவோம் என்று அவர் உள்ளே போனார். புண்ணின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்புத் தோல், கண்ணெதிரேயே, மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருந்தது. சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"சரி, பொங்காத ரொட்டியே சுட்டுக்கறேன்," என்றார் கடைசியில்.

வெள்ளிக்கிழமை டாக்டர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தார். கத்திக்கு வேலை இல்லை என்றார். புண் மூடியதும் அவள் சொன்ன சொல் தவறாமல் தட்டைக் கழுவினாள்; ஆனாலும் வட்டம் சுருங்கவில்லை, தெருவைத் தாண்டி வளரவுமில்லை. ஆண்டுகள் ஓடிவிட்டன. வேறு தெருக்களிலிருந்து ஆறாத புண்ணோடு வருகிறவர்கள் ரொட்டிக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, பொங்காத ரொட்டியைத் தின்றபடி காத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது அவள் கணவர்தான், இரண்டு காலாலும் நடந்து.