பேய் வராத படம்

பயமாக இருக்கிறது என்று கணவர் ராஜாங்கம் படத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னபோது புவனாவுக்குச் சிரிப்புதான் வந்தது. இருபத்திரண்டு வருடமாக நிலக்கரி மைன்ஸில் ராட்சத இயந்திரம் ஓட்டுகிறவர். போன மாதம் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்த சாரைப்பாம்பை வெறுங்கையால் பிடித்து வெளியே விட்டவர்.

அது பழைய கறுப்பு வெள்ளைப் படம். பேய் இல்லை, ரத்தம் இல்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி கூடுதலாக இருக்கிறது என்கிறாள். எப்போதும் இத்தனைதான் என்று வீட்டில் எல்லோரும் அன்பாகவே சொல்கிறார்கள். அவ்வளவுதான்.

புவனா பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவர் பயந்த காரணம் தெரியாமல் விட மனசு வரவில்லை. மறுநாள் விடுமுறை, அவர் மதிய ஷிப்டுக்குப் போனதும் படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டாள். பயமில்லை. திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டாள். அதிலும் ஒன்றுமில்லை. பிறகு முழுதாகப் பார்த்தாள். அந்தப் பெண் மறுபடி நாற்காலிகளை எண்ணுகிறாள். சுற்றிலும் கனிவான குரல்கள். இந்த முறை அந்தப் பெண்ணின் விரல் தானாகவே ஒரு நாற்காலியை எண்ணாமல் தாண்டிப் போனது. புவனாவின் முதுகு சில்லிட்டது.

அடுத்த நாள் காலையில் காபி கொடுக்கும்போது அதைச் சொன்னாள்.

ராஜாங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க அண்ணிக்கும் அப்படித்தான் நடந்துச்சு, புவனா."

அண்ணி ஆதிலட்சுமி நெல்லிக்குப்பத்துக்கு மருமகளாக வந்த புதிது. பொழுது சாயும்போது குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் யாரோ நிற்பதாகச் சொன்னாள். பிரமை என்று கோயிலுக்கு அழைத்துப்போய் மந்திரித்தார்கள். ராஜாங்கம் அப்போது பிளஸ் டூ.

"நான் பாத்தேன். பெரியப்பா மவன் வேணு நின்னுக்கினு இருந்தான். சொன்னா குடும்பத்துல சண்டை வரும்னு, என்னைக் கேட்டப்போ யாருமில்லன்னுட்டேன். அப்புறம் அண்ணியே பிரமைன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க."

"இப்ப போய்ச் சொல்லுங்க."

"முப்பது வருஷம் கழிச்சா?"

"அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினார்கள்.

ராஜாங்கம் அந்தப் பழைய பேச்சை எடுத்ததும் ஆதிலட்சுமி சிரித்தாள். "அதெல்லாம் எதுக்குப்பா இப்போ? அப்ப எனக்குப் புத்தி ஒரு மாதிரி இருந்துச்சு."

"இல்லீங்க அண்ணி. நானும் பாத்தேன்."

சிரிப்பு நின்றது. அவரையே உற்றுப் பார்த்தாள். "அவன் கையில என்ன வச்சிக்கினு இருந்தான்?"

"டார்ச் லைட்டு. எரிய வுடாம."

ஆதிலட்சுமி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. "டார்ச்சப் பத்தி நான் யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றாள். பிறகு, "உன்னை மன்னிச்சேன்னு இப்ப சொல்ல வரல. உங்க அண்ணன் வரட்டும். அவரு முன்னாடியும் சொல்லு" என்றாள்.

கடைக்குப் போயிருந்த அண்ணன் செங்குட்டுவன் பையோடு வந்தார். ராஜாங்கம் நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். செங்குட்டுவன் பையைக் கீழே வைக்க மறந்து தரையைப் பார்த்தார்.

"நான் சொன்னது நெசமா இல்லையா, என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் ஆதிலட்சுமி கணவரிடம்.

அவர் நிமிர்ந்தார். "நீ சொன்னது நெசந்தான்."

"சரியா கேக்கல."

அவர் சத்தமாகச் சொன்னார்.