சாயங்காலம் வரை பம்பாய்

தாதரில் ரயில் நின்றதும் நிற்காததுமாக சிநேகிதன் சலாவுதீன் பெட்டிக்குள் ஏறி, கணேசபாண்டியனின் சட்டையைப் பிடித்துக் கதவோரம் இழுத்துப் போனான்.

"மாப்ளே, இங்க இறங்காத. ரூம் இன்னும் காலியாகல."

தாராவியில் ஒரே அறையில் கணேசபாண்டியனோடு ஏழு ஊர்க்காரர்கள் தங்கியிருந்தார்கள். ஒருவன் பெண்டாட்டியை அழைத்து வந்தால் மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போவது அவர்களுக்குள் வழக்கம். ஏழு பேரும் தேவ்நாரில் ஒரு கொட்டகைக்குப் போவதாக ஏற்பாடு. நேற்று கொட்டகைக்காரனின் மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டானாம்.

"வேற இடம் தேடிக்கிட்டிருக்கோம். ஆறு மணி வரைக்கும் ஊரைச் சுத்திக் காட்டு. நடுவுல எங்க கடைக்கு ஒரு போன் அடி."

அடுத்த சந்தில் குடியிருந்த சலாவுதீன் வேலை பார்த்த தோல்பைக் கடையில் போன் இருந்தது. அவன் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கியதும் ரயில் நகர்ந்தது.

"யாரு அது? பெட்டியக் கொண்டுட்டுப் போறாரு!" என்றாள் பேராச்சி. கல்யாணமாகி மூன்று மாதம். இப்போதுதான் முதன்முதலாகப் பம்பாய் வருகிறாள்.

"நம்ம பாய்தான். ரூம்ல கொண்டு வச்சிருவாரு. நாம ஊரைப் பாத்துட்டுப் போவோம்."

"குளிக்காமலா?"

"பம்பாய்ல அப்படித்தான்."

அவள் அப்பா சொல்லி அனுப்பியது இன்னும் அவன் காதில் இருந்தது. 'தனி ரூம்னு சொன்னதாலதான் அனுப்புதேன். நாலு ஆம்பளைங்களுக்கு நடுவுல எம்மவளைக் கொண்டு விட்டியள்னு தெரிஞ்சா, மறுரயில்ல வந்து கூட்டிட்டு வந்துருவேன்.' தனி அறை ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தான் கணேசபாண்டியன்.

விக்டோரியா டெர்மினஸில் இறங்கி நடந்தார்கள். டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. பேராச்சி ஆசையாகப் பார்த்தாள். அவன் ஏறவில்லை. டிராமில் ஏறினால் ஊர் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

உண்மையில் அவனுக்கே இந்தப் பக்கம் புதிது. ஆறு வருஷமாகத் தாராவியையும் சயானில் அவன் வேலை பார்த்த லேத் பட்டறையையும் தவிர வேறொன்றும் அறியான். எந்தக் கட்டடத்தைக் கேட்டாலும் "வெள்ளைக்காரன் கெட்டினது" என்றான்.

"இந்தக் கறுப்புக் குதிரையில இருக்கது யாரு?"

"வெள்ளைக்கார ராசா."

"அந்த மணிக்கூண்டு?"

மணி பன்னிரண்டு. அவன் அதை மட்டும்தான் பார்த்தான். எதிரே தெரிந்த இரானி ஹோட்டலில் அவளுக்கு பன்னும் சாயாவும் சொல்லிவிட்டுக் கல்லாவில் இருந்த போனை எடுத்தான்.

"இல்ல மாப்ளே. மாஹிம்ல ஒருத்தன் வரச் சொன்னான், போனா ஆளே இல்ல."

திரும்பி வந்தவனின் நெற்றி வியர்வையைப் பேராச்சி உற்றுப் பார்த்தாள். "யாருகிட்ட பேசினிய?"

"பட்டறையில. நாளைக்கு லீவு கேட்டேன்."

கடலோரத்தில் கேட்வே ஆஃப் இந்தியா வளைவைப் பேராச்சி அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். இந்தப் பக்கம் வந்தாள், அந்தப் பக்கம் போனாள்.

"வாசலை இம்புட்டுப் பெருசா வச்சிட்டு வீட்டைக் கெட்டாம விட்டுட்டானே!"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கணேசபாண்டியனுக்குச் சிரிக்க வரவில்லை. மூன்று மணிக்கு மறுபடி போன். "சயான்லயும் ஆவல" என்றான் சலாவுதீன். நாலரைக்கு இன்னொரு போன். யாரும் எடுக்கவில்லை.

மெரீன் டிரைவில் கடலோரச் சுவரில் பேராச்சி உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். குதிகால் இரண்டும் சிவந்து கிடந்தன.

"ஏளா, எந்தி. இன்னும் சௌபாட்டி கடற்கரை பாக்கணும்."

"நான் வரல."

"பக்கத்துலதான்."

"மூணு வாட்டி போன் பேசிட்டிய. மூச்சுக்கு முந்நூறு தடவ மணி பாக்கிய. என்னைய ரூமுக்குக் கூட்டிட்டுப் போவப் பயப்படுதிய." அவள் குரல் உடைந்தது. "ஊருல எல்லாரும் சொன்னாவ, பம்பாய்க்காரன் அங்க ஒருத்திய வச்சிருப்பான்னு. நான் நம்பல. எவளைக் கிளப்பி விடுததுக்கு இம்புட்டு நேரம் ஆவுது?"

காலையிலிருந்து அவன் பயந்தது ஒன்று, அவள் பயந்தது வேறொன்று.

"எவளும் இல்ல, தாயி! ஏழு ஆம்பளைங்க இருக்கானுவ. போக எடம் இல்லாம இருக்கானுவ." கொட்டகை, மச்சான் குடும்பம், மாஹிம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

"ஏழு பேரா?"

"ஏழு பேரு."

"பொம்பள கிடையாதா?"

"எங்கம்மை சத்தியமா கிடையாது."

பேராச்சி சிரித்தாள். கடலை விற்பவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது.

"பாய்க்குத் தெரியும். அந்த ஏழு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியக் கூடாது, அப்படித்தான?"

அவள் செருப்பை மாட்டினாள். "வாங்க, ரூமுக்குப் போவோம்."

"ஆறு மணி ஆகலியே..."

"ஆறு மணிக்கு அவிய ஏழு பேரும் ஆவியாயிருவாவளோ?"

மாஹிமில் மின்சார ரயிலை விட்டு இறங்கித் தாராவிச் சந்துக்குள் நுழைந்தபோது, அறை வாசலில் ஏழு பேரும் சுருட்டிய பாய்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சலாவுதீன் தலையைச் சொறிந்தபடி நின்றான். எல்லோருக்கும் மூத்த இசக்கி எழுந்தான்.

"மதினி, கோவிச்சுக்கிடாதிய. ரெண்டு நாள்ல எடம் பாத்துப் போயிருவோம்."

பேராச்சி உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். புதுக் குடத்தில் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தார்கள்.

"உங்கள ஒண்ணும் சொல்லல, அண்ணாச்சி. எடம் கிடைக்குத வரைக்கும் வாசல்ல படுத்துக்கிடுங்க. சோறு நான் பொங்குதேன்."

ஏழு பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். கணேசபாண்டியனும் நிம்மதியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னாலேயே நுழையப் போனான். கதவு பாதியில் நின்றது.

"நீங்க எங்க வாரிய?"

"உள்ளதான்..."

"ஊரெல்லாம் சுத்திக் காட்டின அலுப்பு இருக்கும். காத்தாட வெளியில இருங்க. அவியளுக்கு எடம் கிடைச்ச அன்னைக்கு உங்களுக்கும் உள்ள எடம் கிடைக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. இசக்கி பாயை விரித்து, நகர்ந்து இடம் கொடுத்தான். "வா, உக்காரு."

கணேசபாண்டியன் உட்காரவில்லை. கழற்றிய செருப்பை அவசரமாக மாட்டினான்.

"எந்திங்கலே எல்லாரும். இப்பவே போயி எடம் பாப்போம்!"