அக்கரை இல்லாத பாலம்

அம்சவல்லிக்கு ஒரே ஆத்திரம். சைபுல்லா பாய் இந்தத் தடவையும் அவள் கொடுத்த எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

வாணியம்பாடித் தோல் வியாபாரி அவர். புளி வாங்க அவளுடைய மலையூருக்கும் வருவார். ஓடையின் குறுக்கே ஊர்க்காரர்கள் பாதியில் விட்டிருந்த பாலத்துக்கு இரும்பும் பலகையும் அனுப்பி முடித்துவைத்தவர். போன ஐப்பசியில் ஓடை கரைபுரண்ட அன்று, பிரசவ வலியில் துடித்த அம்சவல்லியை அந்தப் பாலத்தின்மேல்தான் டோலியில் தூக்கிக்கொண்டு ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிள்ளை பிழைத்தது, தாயும் பிழைத்தாள். தேன் கொடுத்தாலும் கோழி கொடுத்தாலும் மனுஷன், "அட போம்மா, உன் புள்ளைக்குக் குடு" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். இவளுக்கு மட்டும் நெஞ்சு பாரம் இறங்க வேண்டாமா?

இந்த வருஷம் அவர் தோல் விற்க இங்கிலாந்து போய்வந்திருந்தார். அங்கே வாங்கிய பட அட்டை ஒன்றைக் காட்டினார். கரையிலிருந்து கடலுக்குள்ளே நீளமாக ஒரு பாலம், பாதியில் அப்படியே நிற்கிறது.

"நூறு வருஷத்துப் பாலம்மா. படகு வந்து நிக்கறதுக்குக் கட்டினாங்க. புயல்ல ஒடிஞ்சுது, கட்டினாங்க. நெருப்புல எரிஞ்சுது, மறுபடி கட்டினாங்க. யுத்த காலத்துல எதிரி ஏறி வந்துடக் கூடாதுன்னு அவங்களே நடுவுல வெட்டி விட்டாங்க. அப்புறம் சேத்தாங்க."

"அய்யோ பாவமே! அத்தனை தடவ கட்டியும் அக்கரை போய்ச் சேரலையா?"

பாய் புளி பேரம் பேசப் போய்விட்டார். மதியம் திரும்பி வந்தால் ஓடைப் பாலத்து முனையில் ஒரு மூட்டை சாமை. அம்சவல்லியும் அவள் புருஷன் காசியும் வூடு வூடாக ஏறி இறங்கிச் சேர்த்தது. பாலம் கட்டுகிறவர்களுக்கு ஊர் சோறு போடுவதுதான் இந்த மலையில் வழக்கம்.

"அந்தக் கடல்பாலம் கட்டறவங்களுக்காச்சும் குடுத்துடுங்க பாய். நீங்கதான் வாங்க மாட்டீங்களே."

பாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடடா, அது முடிஞ்ச பாலம்மா! அதுக்கு அக்கரையே கெடையாது. சனங்க நடந்து போய், காத்து வாங்கி, கடலப் பாத்துட்டு, எதையாச்சும் தின்னுட்டுத் திரும்பிடுவாங்க."

"இன்னாது, சும்மா நிக்கறதுக்கா பாலம்?" ஊரே வாயைப் பிளந்தது. காசியை வெட்கம் பிடுங்கித் தின்றது. மூட்டையைத் தூக்கப் போனான்.

அம்சவல்லி விடவில்லை. "கீழ வெய்யி." அங்கேயே அடுப்பு மூட்டினாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆனதும் பாலத்தின் நடுவில் கோணியை விரித்து இலை போட்டாள். "இப்ப நீங்க எங்கியும் போகல. காத்து வாங்க வந்திருக்கீங்க. உக்காந்து தின்னுங்க."

பாய் உட்கார்ந்தார். வேறென்ன செய்வார்?

அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அன்னிக்குக் கண்ண இறுக்கி மூடிட்டுப் போனேன் பாய். இந்த ஓடை இவ்ளோ அழகுன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்களாலதான் பாக்கறேன்."

பாய் இலையிலிருந்த சோற்றை வழித்துத் தின்றார். பிறகு இலையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."