மேலாளர் திறக்கச் சொன்ன மதகு

விஸ்கி ஆலையின் கிடங்கில் தீப்பற்றினால் முற்றத்து மதகை இறக்கி மூடிவிட வேண்டும் என்பது விதி. வெடித்த பீப்பாய்களிலிருந்து சிந்துவது ஆற்றுக்குப் போகாமல் குழியிலேயே தேங்கி எரிந்து தீரும். இவ்விதி மதகின்மேல் சிவப்பு எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. மேலாளருக்கு வாசிக்கத் தெரியும்; ஆயினும் அப்பழக்கத்தைத் தம்மைப் பாராட்டி வரும் கடிதங்களோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

அன்று காலை கிடங்கு பற்றி எரிந்தது. மதகு காப்பவன் விதிப்படி மதகை மூடினான். குழி நிரம்பி, விஸ்கி வழிந்து, புதிய வரவேற்பறையின் படியைத் தொட்டது. அங்கே மெத்தை நாற்காலிகள் வந்திறங்கி ஒரு வாரங்கூட ஆகவில்லை.

“டேய், மதகத் தூக்குடா!” என்று மேலாளர் அலறினார்.

“சார், கீழ எங்கக்காவோட மீன் கூண்டு இருக்கு.”

“மீனுக்கு நீந்தத் தெரியும்டா. சோபாவுக்குத் தெரியுமா?”

அவன் தூக்கினான். தூக்கிய கையோடு கரைவழியே ஓடினான்.

அக்காள் ஆற்றில் நான்கு மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்ப்பவள். பதினொரு மாதம் தீனி போட்டு வளர்த்தவற்றை மறுநாள் பிடிப்பதாக இருந்தாள். தம்பிக்கு முன்னே நெடி வந்தது. தண்ணீர் பழுப்பாயிற்று, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஐம்பது அடி தள்ளி நல்ல நீரோடை ஒன்று ஆற்றில் கலக்கின்றது. கூண்டை அதனுள் இழுத்துவிட்டால் மீன் பிழைக்கும். அதற்கு நான்கு பேராவது வேண்டும்.

ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆற்றில் விஸ்கி வருகிறதென்று ஊரே குடமும் வாளியுமாக இடுப்பளவு நீரில் நின்றது. கண்ணாடிக் கடைக்காரர் அவசரத்தில் பூந்தொட்டியைத் தூக்கி வந்து, அடித்துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு பருகினார். தபால்காரரோ கடிதங்களைக் கரையில் கொட்டிவிட்டு, பையை நனைத்து வாயில் பிழிந்துகொண்டிருந்தார். அங்கே வந்த நாய் ஒன்று ஆற்றை ஒருமுறை முகர்ந்துவிட்டு அப்பால் போயிற்று. அன்று அந்தக் கரையில் மானத்தைக் காத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

“அண்ணே, கொஞ்சம் கை குடுங்க. எல்லாம் செத்துடும்” என்றாள் அக்காள்.

“ரெண்டு கையும் வேலையா இருக்கும்மா” என்றார் தொட்டிக்காரர். “ஆத்துல போற தண்ணி, அய்யா குடி, அம்மா குடி! நீயும் ஒரு வாய் குடி.”

“மீனும் குடிக்கட்டுமே, பாவம்” என்றார் தபால்காரர். கூட்டம் சிரித்தது.

“குடிங்க, குடிங்க. சேத்துப் புழுவும் கூடவே வரும், மென்னு முழுங்குங்க!” என்றாள் அக்காள்.

தம்பி மூச்சிரைக்க வந்து நின்றான். “அக்கா, நான்தான் தூக்கினேன்.”

“அப்புறம் திட்டறேன். கயித்தப் பிடி.”

நால்வர் இழுக்க வேண்டியதை இருவர் இழுத்தனர். தோள் தோலுரிந்தது. முதற்கூண்டு ஓடைக்குள் சேர்வதற்குள் நண்பகலாயிற்று. திரும்பிப் பார்த்தபோது மற்ற மூன்றிலும் வெள்ளை வயிறுகளே மிதந்தன.

அப்போது கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மேலாளர் வந்தார். உயிருள்ள மீனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“அம்மா, ஆறு கெட்டுப்போச்சான்னு பாக்க அதிகாரி வந்துட்டிருக்கார். இந்தக் கூண்ட மறுபடி ஆத்துக்குள்ள தள்ளுங்க. ஒரு மணி நேரந்தான். மீன் துள்றதப் பாத்தா அவர் பேசாமப் போயிடுவார்.”

“அந்த ஒரு மணி நேரம் நீங்க உள்ள எறங்கித் துள்ளுங்க சார். நானே அவரக் கூட்டிட்டு வந்து காட்டறேன்.”

மேலாளர் தம்பியிடம் திரும்பினார். “டேய், கயித்த அவுத்துவிடு. வேலையில இருக்கணும்னு ஆச இருக்குல்ல?”

தம்பி கயிறு கட்டியிருந்த முளையின்மேல் போய் உட்கார்ந்தான். மேலாளர் குனிந்து, அவன் கால்களுக்கிடையில் கைவிட்டுத் தாமே முடிச்சைப் பிடுங்கினார். நனைந்த முடிச்சு இறுகியதே தவிர நெகிழவில்லை. அக்கோலத்தில் இருக்கும்போதே அதிகாரி வந்து சேர்ந்தார்.

“யார் மீனும்மா இதெல்லாம்?”

“உசுரோட இருக்கறது என்னுது சார். செத்த மூணு கூண்டும் இவரோடது.”

மேலாளர் நிமிர்ந்து, கயிற்றை விடாமலே புன்னகைத்தார். அதைக் காண அவளுக்கு நேரமில்லை. குறுகிய ஓடைக்குள் காற்றுப் போதாமல் மீன்கள் மறுபடி மேலே வந்து வாயைப் பிளந்தன.

“தம்பி, பலகைய எடுத்துத் தண்ணிய அடி. காத்துக் கலக்கணும். நிறுத்தாத.”

அவன் இறங்கி அடிக்கத் தொடங்கினான்.